கூர் முனை பிட்

திங்கள், ஜூன் 16

விடிந்ததிலிருந்து மழை. பபேடான் கடைத்தெருவுக்கு பிட் வாங்கப் போனேன், பஸ்ஸில் நின்றபடியே. கடைப் பெயர்ப்பலகைக்கு, ஏ.சி.பி. என்கிற அலுமினியத் தகடு ஒட்டிய பலகையை மடிக்க, பின்பக்கம் ரௌட்டர் மெஷினில் பிட் மாட்டிப் பள்ளம் எடுக்க வேண்டும். முன்பக்கத் தகட்டில் மட்டும் பிட் படவே கூடாது. கடை பாய் இரண்டு பிட் எடுத்து வைத்தார். ஒன்று தட்டை முனை, ஒன்று கூர் முனை.

"எது வேணும் தங்கச்சி?"

தட்டை என்றுதான் வாயில் வந்தது. ஆனால் பலகை கேட்ட போன் கடைக்காரர் கோ ஸோவுக்கு ஓரம் பிளேடு மாதிரி நிற்க வேண்டுமாம். கூர் முனையே வாங்கினேன். வீட்டில் இவரைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

கொசுவத்தி, புளி மறந்துவிட்டது.

செவ்வாய்

மத்தியானம்தான் கரண்ட். "மீ லாபீ!" கரண்ட் வந்துவிட்டதென்று தெருவே கத்தியது. இவர் சோற்றை விட்டுவிட்டு மெஷினைப் போட்டார். ஓரம் அப்படி ஓர் அழகு! மடித்துப் பார்த்த துண்டை குப்பை அள்ள வைத்துக்கொண்டேன்.

சாயங்காலமே லைங் தாயாவில் கோ ஸோ கடையில் மாட்டியாயிற்று. கடை வாசலுக்கு மேலே, தெருப்பக்கம் நீட்டிக்கொண்டு, சிவப்பாக. எதிரேதான் மகள் தேவி வேலை செய்யும் தையல் ஃபேக்டரி. அவள் தினம் பார்ப்பாள் என்று பெருமை.

வெள்ளி

குப்பை அள்ள வைத்த அந்தத் துண்டு இரண்டாகிவிட்டது. சரியாக மடிப்பில். கையில் பாதி, தரையில் பாதி.

அதே பலகை, அதே பிட். கூர் முனை தகட்டையும் கீறியிருக்கிறது. அங்கே கடையில் மாட்டியதில் மடித்த ஓரத்தில்தான் ஸ்க்ரூ. மடிப்பு விட்டால் பலகை கீழே.

இவரிடம் காட்டினேன். "நீ தரையில போட்டு தேச்ச. அது மேல சும்மாத்தானே இருக்கு."

காற்று சும்மா இருக்குமா? கழற்றினால் கோ ஸோ ஊரெல்லாம் சொல்வார், அப்புறம் யார் நமக்கு வேலை தருவார்கள் என்கிறார் இவர். அதுவும் நிஜம்தான். தூக்கம் இல்லை.

சனி

சாப்பிடும்போது தேவி: "கடையில புது போர்டு நல்லாருக்கும்மா. மழைன்னா நாங்கள்லாம் அதுக்குக் கீழதான், ஃபெரி பஸ் வர்ற வரைக்கும்."

ஃபேக்டரி பஸ் எப்போது நேரத்துக்கு வந்தது? சோறு இறங்கவில்லை.

"நீ அங்க நிக்காத."

"ஏன்?"

சொன்னேன். இவர் தலை நிமிரவில்லை.

"அப்ப மத்தவங்க?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னவர்கள் என்னைப் பார்க்காமல் இருக்கட்டும்.

ஞாயிறு

ஃபேக்டரி லீவு. யாரும் நிற்கமாட்டார்கள். அந்த மட்டில் நிம்மதி. தேவி என்னோடு பேசவில்லை. புளி வாங்கினேன்.

திங்கள்

மழை, கூடவே காற்று. ஷ்வேப்யிதாவில், இங்கே எங்கள் வீட்டிலேயே கூரைத் தகரம் அடித்துக்கொள்கிறது. லைங் தாயாவில் எப்படியோ. இவரிடம் இரண்டு தரம் கேட்டேன், "போய்ப் பாத்துட்டு வரலாமா?" "நாளைக்கு."

ஃபேக்டரி விடும் நேரம். தேவி போன்.

"அம்மா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லாரும் ரோட்டுல நனஞ்சிட்டு நிக்கிறோம். ஏன் கடைக்கிட்ட வரமாட்டேங்குறீங்கன்னு கோ ஸோ கேட்டாரு. அவருகிட்டயும் சொல்லிட்டேன்."

அவளே தொடர்ந்தாள்:

"கழட்ட ஏணி எப்ப வரும்மா?"

இவருக்கும் கேட்டிருக்கிறது. வெளியே வண்டியில் ஏணியைக் கட்டுகிறார். ஸ்க்ரூடிரைவரை எங்கே வைத்தேன்?