உன் தப்படிக்கு முன்னால் கேட்ட சத்தம்

மச்சான்,

இன்று காலை பன்வில கோயில் வாசலில் வைக்கோலைக் கொளுத்தித் தப்பு மேளத்தைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேறும் அந்த வாசனை மூக்கில் ஏறியதும் என் கை தானாக முஷ்டி பிடித்துவிட்டது. பக்கத்தில் நின்றவர் பயந்து விலகிப் போனார். உன்னை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போலத்தான் இருக்கிறது.

கண்டியில் அந்தப் பாட்டைப் பதிவு செய்த அன்று அடைமழை. ஈரத்தில் உன் தப்பு தொய்ந்து, தட்டினால் ஓட்டைச் சட்டிச் சத்தம்தான் வந்தது. நீ கொஞ்சமும் யோசிக்காமல் ஸ்டூடியோவின் பின்பக்க நடையில் பழைய பத்திரிகைகளைக் குவித்துத் தீ வைத்தாய். ஏசி போட்ட கட்டிடத்தில்! புகை உள்ளே புகுந்து பாடகி இருமத் தொடங்கினாள். கீபோர்ட் முன்னால் உட்கார்ந்திருந்த நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சூடான தப்போடு நீ மைக்குக்கு முன்னால் வந்து நின்றாய். பின்னாலேயே ஓடிவந்த ஸ்டூடியோ முதலாளி உன் கன்னத்தில் விட்டார் ஒன்று. உதடு கிழிந்து ரத்தம் தப்பின்மேல் சொட்டியது. நீ குச்சியை ஓங்கினாய். அவர் மண்டையில்தான் இறங்கப்போகிறது என்று நினைத்தேன். தோலில் இறக்கினாய். கொலைவெறியோடு அடித்தாய். ஊரே அந்தப் பாட்டுக்கு ஆடியதென்றால் அந்த அடிக்காகத்தான்.

பிறகு கொழும்பில் கிட்டார் வாசிக்கிற ஒருவர் உனக்கு விளக்கிச் சொன்னார். வானொலியிலும் கடைகளிலும் பாட்டு ஒலிக்கும்போது, எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் மட்டுமல்ல, பதிவில் வாசித்தவருக்கும் பங்கு உண்டாம். எந்தப் பதிவில் யார் எதை வாசித்தார் என்று கலைஞர் சங்கத்தில் பெயர் இருந்தால் போதுமாம். நீ பதியப் போனாய். பட்டியலில் தப்பு என்பதற்கு நேரே முதலாளி தன் மருமகன் பெயரைக் கொடுத்திருந்தார். தப்பை எந்தக் கையில் பிடிப்பது என்றே தெரியாதவன் அவன்.

"எம்பேர எனக்குக் குடுத்தாப் போதும் மச்சான், வேற ஒண்ணும் வேணாம்" என்று சொல்லிவிட்டு முதலாளியிடம் கேட்கப் போனாய். மார்க்கெட்டுக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் உன்னை இரும்புக் குழாயால் அடித்தார்கள். தப்படிக்கும் மெல்லிய சிம்புக்குச்சியைப் பிடிக்கும் இடது கையைக் கல்லில் வைத்து நசுக்கினார்கள். பொலிஸ் கேட்டபோது அங்கே யாரும் எதையும் பார்க்கவில்லை. அந்த ஆளை வெட்டிப்போடுகிறேன் என்று நான் ஆஸ்பத்திரியில் கத்தினேன். வீங்கிய வாயோடு நீ சிரித்தாய். "நீ உள்ள போயிட்டா, நாந்தான் அடிச்சேன்னு யாருடா சாட்சி சொல்றது?"

போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி உன்னைக் கொண்டுபோனது. இறந்தவரின் பங்கைக் குடும்பம் கேட்கலாம் என்று அறிந்ததும் உன் மனைவி விடவில்லை. சங்கத்தின் விசாரணைக்கு என்னையும் சாட்சியாக இழுத்துக்கொண்டு போனாள். முதலாளி கஞ்சி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தார்.

"அந்த ஆள எனக்குத் தெரியவே தெரியாது. எங்க ஸ்டூடியோ வாசப்படி மிதிச்சதே இல்ல" என்றார்.

நான் உட்கார்ந்திருந்த கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டேன். நீ ஆஸ்பத்திரியில் சொன்னது அந்த நேரத்தில் நினைவிலேயே இல்லை. உன் மனைவிதான் என் கையைப் பிடித்தாள்.

"வைங்கண்ணே. மொதல்ல அவரு பேசுனத அவரே கேக்கட்டும்."

ஒலிப்பதிவாளரைத் தேடிப்பிடித்து, தப்பின் பதிவை மட்டும் தனியாக வாங்கி வந்திருந்தாள். நீ அடிக்கத் தொடங்கும் முன்பே மைக் திறந்துதான் இருந்ததாம். அதை அங்கேயே போட்டுக் காட்டினாள். பளார் என்று ஒரு சத்தம். அடுத்து முதலாளியின் குரல். உன் பெயரைச் சொல்லி, சாதியையும் சொல்லி, "எங்கடா வந்து நெருப்பு வைக்கிற, நாயே? அடிடா தப்ப!" அதன் பிறகு உன் அடி. கண்ணாடி ஜன்னல்கள் அதிர்ந்தன.

முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். விசாரித்த சங்க அதிகாரி மருமகன் பெயரை நீக்கிவிட்டு உன் பெயரை எழுதினார். பதிவிலிருந்த ஏச்சுப்பேச்சை வெட்டிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொள்ளலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வெட்டாதீங்க சேர்" என்றாள் உன் மனைவி. "அதையும் வாங்கிக்கிட்டுத்தான் அவரு வாசிச்சாரு."

இப்போதும் திகன போகும் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போடுகிறார்கள். தப்பு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் எனக்கு மட்டும் அந்தப் பளார் கேட்கிறது. என் கன்னம் எரிகிறது. பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டி, "இது யாரு அடிக்கிற தப்பு தெரியுமா?" என்று கேட்டு, உன் பெயரைச் சொல்கிறேன். காதில் வாங்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்பவருக்கும் சத்தமாகச் சொல்கிறேன்.