உன் விதை மட்டுமே விதைத்த வயல்

அயோவா,
ஜூலை 24

அன்புள்ள மார்னாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? இங்கே எல்லோரும் நலம் என்று எழுத ஆசைதான், கை வரவில்லை. போனில் பேசினால் அப்பா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

போன வாரம் காற்று அடித்தது. கொடியில் காயப்போட்ட துணிகூட விழவில்லை, ஆனால் கிழக்கு வயல் மக்காச்சோளம் மொத்தமும் சாய்ந்துவிட்டது. புயல்தான் சாய்த்தது என்று அப்பா சாதிக்கிறார். அவர் டவுனுக்குப் போன நேரம் பார்த்து நாலு செடியைத் தோண்டி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தேன். வேரே இல்லை, மார்னா. எல்லாவற்றையும் வேர்ப்புழு தின்றிருக்கிறது. தின்ற புழு சாகும்படி நீ உருவாக்கிய விதையில்!

நம் சமையலறையில் உட்கார்ந்து நீதான் படித்துப் படித்துச் சொன்னாய். ஐந்தில் ஒரு பங்கு நிலத்தில் சாதா விதை போடுங்கள், அங்கே வளரும் புழுக்களோடு இணைசேர்ந்தால்தான், என் விதையைத் தின்றும் தப்பிப் பிழைத்தவை பெருகாது என்று. அப்பாவும் தலையாட்டினார். ஆனால் விதைப்பு வந்தால் மனசு கேட்காது. "என் பொண்ணோட விதை இருக்கறப்போ கண்ட விதைக்கு எதுக்கு இடம்?" என்று வருஷா வருஷம் மூலைமுடுக்கெல்லாம் உன்னுடையதையே போட்டார். நான் சொன்னால் என்றைக்குக் கேட்டார்?

தானியக் கிடங்கில் காலைக் காப்பிக்கு யார் காசு கொடுப்பது என்று பகடை உருட்டுவார்களே, அங்கே பக்கத்து வயல் டுவைன் அப்பாவைச் சீண்டியிருக்கிறான். "என்ன வெர்லின், உன் சோளம் குடிச்சிட்டுப் படுத்துக் கெடக்கு? விஞ்ஞானி மக விதையாச்சே!" எல்லோரும் சிரித்தார்களாம். அப்பா காப்பியைக் குடிக்காமலே வந்துவிட்டார். அவர் சொல்லைக் கேட்டுத்தான் டுவைனும் அதே விதையை வாங்கினான்.

வருகிற சனிக்கிழமை அப்பா அத்தனையையும் வெட்டி மாட்டுக்குப் போட்டுவிட்டு, யாரும் வேரைத் தோண்டிப் பார்ப்பதற்குள் வயலை உழுதுவிடப் போகிறார். "செப்டம்பர்ல அவளுக்கு விருது குடுக்கறாங்க, அர்டித். அவ பேரு கெடக்கூடாது. நீ வாயைத் தொறக்காதே" என்று கெஞ்சினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கெஞ்சி நான் பார்த்ததில்லை. அந்த மனுஷன்மேல் எரிச்சலாகவும் இருக்கிறது, அழுகையும் வருகிறது. ஆனால் இந்தப் புழுக்கள் வண்டாகி, வேலியைத் தாண்டி டுவைன் நிலத்தில் முட்டையிடுமே. அவனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?

வெள்ளிக்கிழமைக்குள் கிளம்பி வா. உன் விதைக் கம்பெனி ஆட்களைக் கூட்டி வராதே, முதலில் நீ மட்டும் வா. விருதுக்கு ஆபத்து என்று நீ பின்வாங்க மாட்டாய், எனக்குத் தெரியும். காரணத்தை அப்பாவிடம் சொல்லித்தான் ஆகவேண்டும். உன்மேல் இருந்த பெருமையில் உன் விதையை நாமே கெடுத்துவிட்டோம் என்று அவருக்கு உறைக்கும்போது, நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். என் ஒருத்தியால் முடியாது, கண்ணே.

ஆண்டவர் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
அம்மா