திரைக்கு முன்னால் அம்மா

அன்பு மகள் வெனிங்குக்கு, அப்பா எழுதுவது. இறைவன் அருளால் உன் அம்மா நலம், ஆடுகள் நலம், நான் முக்கால்வாசி நலம். தைவானில் நீயும் நலமாக இருந்து, வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். முக்கால்வாசி என்றேனே, பயப்படாதே, பலாக்காய் பறிக்க ஏணியில் ஏறினேன், காய் மேலேயே இருந்தது, நான் மட்டும் கீழே வந்தேன். வலது தோள் இறங்கிவிட்டது. விழுந்த மூன்றாம் நாள் ஊர்ச்சடங்கு, பகல் முழுக்கப் பாவைக்கூத்து, ஆட்டவேண்டியவன் நான், கையோ கழுத்தில் தொங்குகிறது.

கூத்து நடக்காவிட்டால் விளைச்சலுக்கு ஆகாது என்று ஊர்த்தலைவர் தர்முஜி வந்து புலம்பினார். முப்பது வருஷமாக என் முதுகுக்குப் பின்னால் வெண்கலப் பட்டை வாத்தியம் வாசிக்கும் உன் அம்மா, தேநீர் வைத்துக்கொண்டே, "நான் ஆட்டுறேன்" என்றாள். தலைவர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். கூத்தாட்டுபவன் வழக்கப்படி இடுப்பில் செருகும் குறுவாள் இல்லாமல் ஒரு பொம்பளை அந்த இடத்தில் எப்படி உட்காருவது என்று இழுத்தார். "குறுவாளா பொம்மைய ஆட்டுது?" என்றாள். அரக்கன் குரல் உனக்கு வராதே சுப்ராப்தி என்று நான் சொன்னதுதான் தப்பு. "முப்பது வருஷமா உங்க குறட்டையக் கேட்டவளுக்கு வராதா?" என்றாள். தலைவர் சிரித்த சிரிப்பில் விஷயம் முடிந்துவிட்டது.

கொண்டையில் மல்லிகையோடு போய்த் திரைக்கு முன்னால் சம்மணம் போட்டாள். என்னைப் பாட்டுக்காரிகள் நடுவே உட்காரவைத்து, வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. உன்னிடம் மறைக்க என்ன, ஒரு இடத்திலாவது தடுமாறுவாள் என்று மனசின் மூலையில் ஓர் ஆசை. அரசவைக் காட்சியில் தடுமாறியே விட்டாள். நீளமான வர்ணனை, பாதியில் நின்றது. வாத்தியங்கள் காத்திருக்கின்றன, ஊரே காத்திருக்கிறது, அவள் திரும்பி என்னைப் பார்க்கிறாள். அந்த முகத்தைப் பார்த்ததும் ஆசையெல்லாம் போய்விட்டது, எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை, வெனிங்! அந்த இடத்தில் எனக்கு எப்போதும் எடுத்துக் கொடுப்பவளே அவள்தான். இருவரும் முழித்தோம். சட்டென்று ராஜா பொம்மையைத் தூக்கி, "மந்திரி, நமக்கு வயசாகுதுய்யா, மறந்துபோச்சு, அடுத்த சேதியச் சொல்லு" என்றாள். ஊர் வயிறு குலுங்கச் சிரித்தது. பிறகு அவள் கை நிற்கவில்லை. அரக்கன் உறுமியபோது முன்வரிசைக் குழந்தைகள் அழுதன. என் குறட்டை அவ்வளவு மோசமா?

முடிந்ததும் தலைவர் வந்து அடுத்த வருஷமும் அம்மாவே ஆட்டவேண்டும் என்றார். அதற்குள் என் தோள் ஆறிவிடுமே என்றேன். "ஆறட்டும், எனக்கு வெண்கலம் வாசிக்க ஆள் வேணும்ல" என்றாள். இப்போது இடது கையால் பழகுகிறேன், டீச்சர் ரொம்பக் கண்டிப்பு.

வெயிலில் அலையாதே. பணம் அனுப்புவதற்காக வயிற்றைக் காயப்போடாதே. இன்னொன்று. உனக்கு எட்டு வயதில் இளவரசன் பாவையை எடுத்து விளக்கடியில் ஆட்டினாய், பெண்பிள்ளைக்கு எதற்கு என்று பிடுங்கிப் பெட்டியில் வைத்தேன். நீ அழவில்லை, அதுதான் இப்போது உறுத்துகிறது. நோன்புப் பெருநாளுக்கு வரும்போது பெட்டியைத் திறந்தே வைத்திருப்பேன். எது வேண்டுமோ நீயே எடு.

இறைவன் உன்னைக் காக்கட்டும்.

உன் அப்பா,
கர்சோனோ