மிச்ச வெளிச்சம்

என் கண்ணுக்கு,

போன் செய்தால் "இன்னிக்கு மட்டும் பொறுத்துக்கோம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். எண்ணூரில் வேலை செய்யும் இடத்தில் பாய்லர் வெடித்ததில் உன் நைனாவுக்குக் கொஞ்சம் காயம். பயப்படாதே, ஆஸ்பத்திரியில் நன்றாகப் பேசுகிறார்.

வானத்தில் காமாக் கதிர் வெடித்ததாம், அதன் மிச்ச வெளிச்சம் மங்குவதற்குள் நீ காவலூர் தொலைநோக்கியில் படமெடுக்க வேண்டுமாம் என்று அவரிடம் சொன்னேன். "அது போனா திரும்ப வராதும்மே. அவள கூப்புடாத" என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

ஆனால் வெளியே செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கண்ணைத் திறந்து கதவையே பார்க்கிறார். இன்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

நான் உன்னைக் கூப்பிடவில்லை. இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் பக்கத்து வீட்டு வல்லரசுவின் காரை மட்டும் காலியாகத் திருப்பி அனுப்பிவிடாதே.

உன் அம்மா