செம்பி ஈன்ற கருப்பு

ஜூன் 9
செம்பி ஐந்து குட்டி போட்டிருக்கிறாள். நான்கு செவலை, மூஞ்சி மட்டும் கருப்பு. கோம்பை நாய் என்றால் அதுதான் லட்சணம். ஐந்தாவது உடம்பெல்லாம் கருப்பு, கண்ணுக்கு மேலே இரண்டு செம்புள்ளி. தாயும் செவலை, சேர்க்கைக்கு விட்ட சிங்கனும் செவலை. அப்படியானால் இது யாருடையது?

ஜூன் 10
பருவத்தில் இருந்த இருபத்தொரு நாளும் செம்பியை ஏலக்காய் ஸ்டோர் அறையில்தான் அடைத்திருந்தோம். சிங்கனை மட்டுமே உள்ளே விட்டோம். சாவி வாட்ச்மேன் அழகுமலையிடம். நடுவில் ஒருநாள், சிலமலையில் கல்யாணம் என்று எஸ்டேட்டை விட்டுக் கீழே இறங்கிப் போனானே! கேட்டேன். "பூட்டிட்டுத்தாம்மா போனேன். சாவி என் இடுப்புலதான் இருந்துச்சு." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

ஜூலை 20
அழகுமலையை வேலையிலிருந்து நிறுத்திவிட்டேன். பதினோரு வருஷம். "இந்தக் கருப்பையும் கொண்டுட்டுப் போ" என்றேன். குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஜீப்பில் ஏறினான். தப்பு செய்யாதவன் சண்டை போட மாட்டானா?

ஆகஸ்ட் 14
சுஜாதா என்று ஒரு பெண் எஸ்டேட்டுக்கு வந்தாள். நாய்க்கு நிறம் எப்படி வழிவழியாக வருகிறது என்று ஆராய்ச்சியாம். பஞ்சுக் குச்சியால் வாய்க்குள் தடவி எச்சில் எடுக்க வேண்டுமாம். எதற்கு? நம் நாயின் வம்சத்தை யாருக்குக் கொடுக்கப் போகிறாள்? முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். "குட்டிக்குத் தகப்பன் எதுன்னும் தெரியும் மேடம்" என்றாள். சரி, எடு என்றேன். அழகுமலையின் பொய் எழுத்திலேயே வரட்டும். செம்பி, சிங்கன் குச்சிகளில் நானே பேர் எழுதி ஒட்டினேன். யாரை நம்புவது?

ஆகஸ்ட் 17
ராசிங்காபுரத்தில் அழகுமலை வீட்டுக்கே போய், கருப்பின் எச்சிலையும் எடுத்தாளாம். காப்பி கொடுத்தானாம். இரண்டு பேரும் என்ன பேசியிருப்பார்கள்?

நவம்பர் 6
சுஜாதா போன் செய்தாள். கருப்புக்கும் தகப்பன் சிங்கன்தான்.
"ரெண்டு செவலைக்குள்ளயும் கருப்பு மறைஞ்சிருக்கு மேடம். ரெண்டு பக்கமும் அது வந்து சேர்ந்துட்டா குட்டி கருப்பாப் பொறக்கும்."
திரும்பச் சொல்லச் சொன்னேன். அதையேதான் சொன்னாள். குச்சி மாறியிருக்குமோ? எப்படி மாறும் — பேர் ஒட்டினதே நான்தானே. அய்யோ, என்ன காரியம் பண்ணிட்டேன். அந்த மனுசன் மூஞ்சியில இனி எப்படி முழிப்பேன்?

நவம்பர் 7
போகவில்லை. வெட்கம்.

நவம்பர் 9
ராசிங்காபுரம் போனேன். வாசலிலேயே கருப்பு மறித்துக்கொண்டது. நல்ல வளர்த்தி. ஓர் அடி எடுத்து வைக்க விடவில்லை. அழகுமலை வந்து பிடித்துக்கொண்டார்.
"வாங்கம்மா. புது ஆளுன்னா அதுக்குச் சந்தேகம். செம்பி புத்தி."
"தப்பு என்னோடதுண்ணே. மேல வந்துருங்க" என்று ஸ்டோர் சாவியை நீட்டினேன். முன்பெல்லாம் அவரை அண்ணே என்று கூப்பிட்டதே இல்லை.
கருப்பின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.
"வர்றேம்மா. திங்கக்கெழமை வர்றேன். சாவி மட்டும் உங்ககிட்டயே இருக்கட்டும்."