பாண்டிச்செல்விக்குத் தைத்த கழுத்து

விஸ்வநத்தம்
ஞாயிறு மாலை

அன்புள்ள ஜெஸ்லின்,

நானும் அப்பாவும் சுகம், டப்ளின் குளிரில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கர்த்தருடைய கிருபையால் என்று சேர்க்கச் சொல்கிறார் அப்பா, சேர்த்தாயிற்று. அவருக்குச் சர்க்கரையும் குறையவில்லை, வாயும் குறையவில்லை. உன்னோடு படித்த பாண்டிச்செல்வியைப் பெண் பார்க்க வந்தார்களே, என்ன ஆயிற்று என்று மூன்று தடவை கேட்டுவிட்டாய். போனில் சொன்னால் நடுவில் அழுவாய், அதனால் எழுதுகிறேன்.

நீ சொன்னபடி அவளுக்கு ரவிக்கையைப் பனியன் துணியில்தான் தைத்தேன். தீக்காயம் பட்டவர்களுக்கு உங்கள் ஆஸ்பத்திரியில் அதைத்தான் கொடுப்பார்கள், தழும்பில் உரசாது என்றாய், அது சரிதான். நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்து மார்புப் பக்கம் நீளத் தையல் இரண்டு ஓட்டி, நூலை இழுத்துச் சுருக்கு வைத்தேன், பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் அவளுக்கு இடப்பக்கம் சதை அமுங்கிப் போயிருப்பது அதில் தெரியவில்லை. கழுத்தை நன்றாக மேலே ஏற்றி, சுற்றளவைவிடச் சின்னதாக வெட்டிய பட்டியை இழுத்துப் பிடித்துத் தைத்தேன், தாடைக்குக் கீழே ஒட்டி நின்றது. சேலைக்கு ரவிக்கையாக அதைப் போட்டுக்கொண்டு அவள் கண்ணாடி முன் நின்றபோது அவள் அம்மா வேலுத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். விபத்து நடந்து இரண்டு வருஷம் கழித்து வந்த முதல் வரன். கையில் மட்டும் கொஞ்சம் வெந்தது என்று மாப்பிள்ளை வீட்டாரிடம் சொன்னது நான்தான், டீச்சர் சொன்னால் நம்புவார்கள் என்று வேலுத்தாய் கெஞ்சினாள். தாலி ஏறும்வரை தெரிய வேண்டாம் என்று நீயும் சொன்னாய், மறக்காதே.

மாப்பிள்ளையின் அம்மா ராக்காயி அச்சங்குளத்தில் இருபது வருஷமாகப் பட்டாசுக்கு மருந்து அடைக்கிறவள். அதை அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காராச்சேவு தின்றாள், காபி குடித்தாள், பிறகு பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "உக்காந்து மருந்து அடைக்கிறவளுக்குத் தீ மொதல்ல கழுத்துக்குத்தான வரும், இவளுக்கு மட்டும் கையோட நின்னுருச்சாக்கும்" என்று சிரித்துக்கொண்டே கழுத்துப் பட்டிக்குள் ஒரு விரலை விட்டு இழுத்தாள். சாதாரணத் துணியாக இருந்தால் இம்மி நகர்ந்திருக்காது. பனியன் துணி நெஞ்சுவரை இறங்கிற்று. "ஏலே, நல்லாப் பாத்துக்க" என்று மகனைக் கூப்பிட்டாள், அவன் பார்த்தான், வீட்டில் இருந்த நாங்கள் அத்தனை பேரும் பார்த்தோம். விரலை எடுத்ததும் பட்டி தன் இடத்துக்குத் திரும்பிப் போயிற்று, ஒரு தையல்கூட விடவில்லை. மீதிக் காராச்சேவையும் தின்றுவிட்டுத்தான் கிளம்பினார்கள். வாசலில் ராக்காயி என்னிடம், பள்ளிக்கூடத்தில் பொய்யும் சேர்த்துத்தான் சொல்லிக் கொடுப்பீகளா டீச்சர் என்று கேட்டாள். அவளைத் திட்டி எனக்கு எழுதாதே. மறைத்தது நாம், தெரிந்த தொழிலை வைத்து அவள் கண்டுபிடித்தாள், அவ்வளவுதான்.

பாண்டிச்செல்வி மூன்று நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை அந்த ரவிக்கையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு வந்தாள். காரியாபட்டியிலிருந்து இன்னொருவர் வருகிறாராம், மனைவி இறந்தவர், இரண்டு பிள்ளைகள். முன்கூட்டியே நானே போய் எல்லாம் சொல்லிவிடுகிறேன் என்றேன். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம் என்றாள். "கழுத்த நல்லா எறக்கி வெட்டிருங்க டீச்சர். வரும்போதே தெரியட்டும், புடிக்கலைன்னா செருப்பக் கழட்டாமப் போயிரட்டும்." வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கத்தரிக்கோலை எடுத்து என் கையில் வைத்தாள். பட்டியைப் பிரித்துவிட்டு, அவளையே போடவைத்து, தழும்பு தொடங்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டேன். இன்னும் கீழே என்றாள். அதற்கும் கீழே போட்டேன். இன்னும் கீழே என்றாள்.

நேரத்துக்குச் சாப்பிடு, நைட் டியூட்டி முடிந்ததும் தூங்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காக்கட்டும், இதை நானாகத்தான் எழுதுகிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், அவளுக்கு ஆறுதல் சொல்லி மெசேஜ் அனுப்பாதே. நீ அனுப்புவதை எல்லாம் அவள் எனக்கு வாசித்துக் காட்டிச் சிரிக்கிறாள்.

உன் அம்மா,
வினோலியா கிறிஸ்துராஜ்