நாற்பத்தொரு மேற்கோள்கள்

மூலக்குளம், புதுச்சேரி
12 செப்டம்பர் 2008

அன்புள்ள அருள்முருகன் அவர்களுக்கு,

வணக்கம். இதழாசிரியராக எழுதுவதா, மனைவியாக எழுதுவதா என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் நலம். மோட்டார் மறுபடியும் ரிப்பேர். ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் முதலில் கேட்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நம் மீன் ஏலக் கட்டுரையை இன்னும் இரண்டு பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். மொத்தம் நாற்பத்தொன்று. நம் பொருளாதார இதழில் ஒன்பது வருடமாக வந்த மற்ற கட்டுரைகளுக்கெல்லாம் சேர்த்தே பத்தொன்பதுதான். இதழுக்கு இருக்கிற பேரெல்லாம் அந்த ஒரு கட்டுரை போட்ட பிச்சை.

அந்தக் கட்டுரை தப்பு. நாலு நாளாக இதை யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். அடுப்பில் வைத்த பாலை இரண்டு தடவை தீயவிட்டேன்.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் விடும் பெண்கள் கூடிப் பேசி விலையை ஏற்றுகிறார்கள் என்று எழுதினோமே, விலை எகிறிய அந்த ஐந்து நாளும் ஆடி வெள்ளி. எனக்கு வெள்ளிக்கிழமைதான் வகுப்பில்லை, அன்று போய்க் குறித்துக்கொண்டு வந்தேன். வீராம்பட்டினத்தில் திருவிழா, படகுகள் கரையில் கிடந்தன. மீன் பாதிதான் வந்தது. வெளியூர் லாரிகள் வழக்கம்போல வந்து நின்றன. விலை ஏறாமல் என்ன செய்யும்? இதை எனக்குச் சொன்னது ஏலம் விடும் தனக்கொடி. வருஷம் தவறாமல் தேர் பார்க்கப் போறவங்களுக்கு இதுகூடவா தெரியாது என்று கேட்டாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவள் வீடு தேடி வந்ததற்குக் காரணம் உண்டு. துறைமுகத்துக்காக அரசு போட்ட குழு நம் கட்டுரையை மூன்று இடத்தில் காட்டி, அந்தப் பெண்களை ஏலத்திலிருந்து எடுத்துவிடச் சொல்கிறது. இருபத்தாறு பேர். அடுத்த மாதக் கடைசியில் முடிவு.

பிரான்சில், லியோன் பல்கலைக்கழகத்தில் உங்கள் வேலை நிரந்தரமாவதும் அப்போதுதான் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. விண்ணப்பத்தில் முதல் வரியே இந்தக் கட்டுரை. கொஞ்ச நாள் பொறு என்பீர்கள். பொறுத்தால் உங்களுக்கு வேலை இருக்கும், அவர்களுக்கு இருக்காது. உங்கள் மேல் கோபமில்லை. என்ன நாள் என்று பார்க்காமல் விலையை மட்டும் குறித்தவள் நான்தான்.

திருத்தத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சகத்தில் அக்டோபர் ஐந்தாம் தேதி வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் இருவர் பெயரிலும் வரும். இல்லாவிட்டால் என் பெயரில் மட்டும் வரும். எப்படியும் வரும்.

குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அங்கே போனதிலிருந்து நாலு வருடமாக கேஸ் புத்தகம் முதல் வீட்டு வரி வரை எல்லாவற்றிலும் நான் ஒருத்தியாகத்தான் கையெழுத்துப் போடுகிறேன். இதில் மட்டும் என்னைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.

என்றும் உங்கள்
பூர்ணிமா